நீங்கள் பாதுகாப்பாக வெளியேறிவிட்டீர்கள்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று காலை ஏழு மணிக்கு என் படைப்பு வெளியானது. முதல் நாளே அறுநூறு வாசகர்கள். படிக்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. எந்த எழுத்தாளருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?

படைப்பு மொத்தம் மூன்று சொற்கள். "நீங்கள் பாதுகாப்பாக வெளியேறிவிட்டீர்கள்."

இதற்கு முன் இரண்டு சிறுகதைகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒன்றுக்குப் பதிலே இல்லை. இன்னொன்றுக்கு வந்த பதில்: "நடை நன்று. நம்பும்படியாக இல்லை." அந்த ஆசிரியர் என்றாவது எங்கள் வாடிக்கையாளரான மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்தால் தெரியும்.

விஷயம் இதுதான். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே ஒவ்வொரு செவிலியருக்கும் ஐந்து பாஸ்வேர்டுகள் இருந்தன. வருகைப் பதிவுக்கு ஒன்று, வார்டுப் பதிவேட்டுக்கு ஒன்று, மருந்தகத்துக்கு, ஆய்வகத்துக்கு, விடுப்பு கேட்பதற்கு. ஐந்தும் ஐந்து வெவ்வேறு நாட்களில் காலாவதியாகும். எங்கள் நிறுவனம் அந்த ஐந்தையும் ஒன்றாக்கியிருக்கிறது. வாசல் காவலாளியிடம் ஒருமுறை முகம் காட்டிவிட்டால் கட்டடத்தின் எந்த அறைக்குள்ளும் போகலாம் என்பதுபோல. திரைகள் எப்படி இருக்க வேண்டும், எந்தப் பொத்தான் எங்கே, அதில் என்ன எழுத்து என்பதெல்லாம் என் பொறுப்பு, வெளியேறும்போது வரும் அந்த மூன்று சொற்களும் சேர்த்து. இந்த வேலைக்கு வீட்டில் இன்னும் பெயர் கிடைக்கவில்லை. அப்பா எல்லோரிடமும் "கம்ப்யூட்டர்ல டிசைன் பண்றா" என்கிறார். அவர்கள் கல்யாணப் பத்திரிகை அடிக்க ரேட் கேட்கிறார்கள்.

திரையின் மேல் மூலையில் உள்ளே வந்தவரின் பெயர் இருக்க வேண்டும் என்பது முதல் திட்டம். சோதனைக்கு என் பெயரைப் போட்டுப் பார்த்தேன். "மங்கையர்க்…" என்று வெட்டுப்பட்டு நின்றது. அசிங்கம். பெயரை எடுத்துவிட்டு ஒரு சாம்பல் வட்டம் வைத்தேன். உள்ளே தலையும் தோளுமாக முகமில்லாத ஓர் உருவம். சுத்தமாக இருக்கிறது.

கடைசி நேரத்தில் ரியாஸ் வெளியேறும் திரையைப் பற்றி ஏதோ கேட்டிருந்தான். (நிரல் எழுதுகிறவன். பேச்சிலும் சிக்கனம்.) பதில் போட்டுவிட்டேன்.

குக்கருக்கு காஸ்கெட் வாங்க வேண்டும். மூன்று நாளாகச் சோறு வேகிறது, விசில் வரவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

மதியத்துக்குள் நாற்பத்தொரு பேர் பாஸ்வேர்டை மறந்துவிட்டார்கள். முன்பு ஒன்றை மறந்தால் ஒன்று போகும். இப்போது ஒன்றை மறந்தால் ஐந்தும் போகிறது. முன்னேற்றம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஐந்தாம் மாடி ஆண்கள் வார்டில் அரை நாள் நின்றேன். "பயனர் ஆய்வு" என்று இதற்குப் பெயர். நடைமுறையில், நோயாளிகளின் உறவினர்கள் வந்து "டாக்டர் எப்பம்மா வருவாங்க?" என்று என்னைக் கேட்பார்கள். கழுத்தில் அட்டை தொங்குவதால் நானும் பொறுப்பாக "வந்துருவாங்க" என்பேன்.

ஜெபக்கனி அங்கேதான் இருக்கிறாள். ஜனவரியில் எங்கள் திரைகளின் சோதனைக்கு உட்கார்ந்த எட்டுச் செவிலியரில் ஒருத்தி. சாத்தான்குளத்துப் பக்கம் ஊர், வயது இருபத்து நான்கு. அன்று அடையாள அட்டையின் உறைக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்து விரித்தாள். ஐந்து பாஸ்வேர்டுகளும் அதில் இருந்தன, ஐந்தாவது அவள் தம்பியின் செல்லப்பெயர். ரொம்பக் கேள்வி கேட்கிற பெண். மற்ற ஏழு பேரும் "நல்லாருக்கு மேடம்" என்று எழுந்து போனார்கள். இவள் மட்டும் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள்.

இன்று என்னைக் கண்டதும், "மேடம், தாளைக் கிழிச்சுப் போட்டுட்டேன்" என்று காலி உறையைக் காட்டினாள்.

வார்டில் ஒரு வழக்கம் உண்டு. ஷிஃப்ட் முடிந்து போகிறவர் கம்ப்யூட்டரைத் திறந்தபடியே விட்டுப் போவார், வருகிறவர் நேராக உட்கார்ந்து வேலையைத் தொடங்கலாம். மரியாதை அது. மூடிவிட்டுப் போனால் 'பெரிய இவ' என்பார்களாம்.

"நான் அப்படி விடுறதில்ல மேடம். எனக்கு அடுத்த மாசம் பதினஞ்சோட ஒரு வருசம் முடியுது, பெர்மனென்ட் ஆக்கணும்லா. எதுக்கு வம்பு? அமுக்கிருவேன். இந்தா பாருங்க." வெளியேறு பொத்தானை அழுத்தினாள். பச்சை நிற டிக் குறி. அதன் கீழே என் மூன்று சொற்கள். "இதப் பாத்த பொறவுதான் எந்திப்பேன்."

வாசகரை நேரில் சந்திப்பது கூச்சமான காரியம். கழிவறைக் கண்ணாடியில் பார்த்தபோது இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஷிஃப்ட் வளர்மதி சிஸ்டர் வந்து உட்கார்ந்தார். ஒரு தட்டு. பதிவேடு திறந்துகொண்டது. மூன்றே விநாடி, பாஸ்வேர்டு அடித்ததாகக்கூடத் தெரியவில்லை, அவ்வளவு வேகம். குறிப்பேட்டில் எழுதினேன்: "அடுத்த பயனர் தடையின்றி நுழைகிறார். அருமை."

பிப்ரவரி 14, வெள்ளி

மாதத்தின் சிறந்த ஊழியர் நான். பரிசு: நிறுவனத்தின் பெயர் போட்ட காபிக் கோப்பை. பெயரில் ஓர் எழுத்து முதல் கழுவலிலேயே போய்விட்டது.

எங்கள் மேலாளர் பூபதி சார் எல்லோர் முன்னாலும் அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். "பாருங்க, மூணே வார்த்தை. மனசுக்கு எத்தன நிம்மதி! மங்கை கையில ஒரு இது இருக்குங்க." எல்லோரும் கைதட்டினார்கள். ரியாஸும் தட்டினான், மூன்று தட்டு.

பிப்ரவரி 26, புதன்

மருத்துவமனையிலிருந்து கடிதம். ஐந்தாம் மாடி வார்டு.

பதினான்காம் படுக்கையில் ஒரு பெரியவர். வலிப்பு வராமலிருக்க எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி. திங்கட்கிழமை மதியம் இரண்டு மணி ஊசி "போடப்பட்டது" என்று பதிவேட்டில் இருக்கிறது. உண்மையில் போடவில்லை. மாலை ஐந்து மணிக்கு வலிப்பு வந்து, தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோய், இப்போது பிழைத்து எழுந்து உட்கார்ந்திருக்கிறார். கஞ்சி கேட்கிறாராம்.

பதிவு செய்த நேரம் 2.20. பதிவு செய்தவர்: ஏஞ்சல் ஜெபக்கனி.

அவளுடைய ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடிந்துவிட்டது. ஆனால் வருகைப் பதிவில் வெளியே போன நேரம் 2.40. அதுவரை உடை மாற்றும் அறையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்கிறாளாம். தயிர்சாதத்துக்குச் சாட்சி இல்லை. ஒன்று, போடாத ஊசியைப் போட்டதாக அவள் பதிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாஸ்வேர்டை யாருக்கோ கொடுத்திருக்க வேண்டும். எதுவானாலும் வேலை போகும். மார்ச் ஏழாம் தேதி விசாரணை.

பாஸ்வேர்டைத்தான் கொடுத்திருப்பாள் என்று தோன்றுகிறது. நல்ல பெண்கள்தான் இப்படியெல்லாம் கொடுத்துவிடுவார்கள்.

காஸ்கெட் வாங்கினேன். அளவு தப்பு. மூன்று லிட்டருக்கு உள்ளதைக் கொடுத்துவிட்டார் கடைக்காரர். அதாவது, அவர் "எத்தனை லிட்டர்?" என்று கேட்டார், நான் யோசனையில் "மூணு" என்றேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

ரியாஸ் மதியம் என் மேசைக்கு வந்தான். அவனாக வருவது ஆண்டுக்கு இரண்டு முறை.

"ஒரு நிமிஷம் மங்கை. சோதனை மெஷின்ல உங்க லாகின்ல உள்ள போங்க."

போனேன். வார்டுப் பதிவேடு திறந்தது.

"இப்ப வெளியேறுங்க."

பச்சை டிக். என் மூன்று சொற்கள்.

அவன் குனிந்து மறுபடி வார்டுப் பதிவேட்டைத் தட்டினான். திறந்துகொண்டது. பாஸ்வேர்டு கேட்கவில்லை. மூலையில் சாம்பல் வட்டம், முகமில்லாத உருவம்.

"இது யாரு?" என்றான்.

தெரியவில்லை என்றேன்.

"நீங்கதான். வெளியேறு பட்டன் வார்டுப் பதிவேட்டை மட்டும்தான் மூடும். மெயின் லாகின் அப்படியே இருக்கும். அரை மணி நேரம் கழிச்சுதான் தானா போகும். அறைக்கதவைச் சாத்தினீங்க, வாசல்ல காவலாளி இன்னும் உங்க சீட்டைக் கையில வெச்சிருக்காரு. வர்றவங்க உங்க பேர்லயே உள்ள போவாங்க. யார் பேர்ல இருக்கோம்னு திரையில பாக்கவும் வழியில்ல."

அவன் பதிவுகளை எடுத்துப் பார்த்திருக்கிறான். திங்களன்று 2.05க்கு ஜெபக்கனி வெளியேறு பொத்தானை அழுத்தியிருக்கிறாள். வார்டுப் பதிவேட்டின் பதிவில் அது தெளிவாக இருக்கிறது. மெயின் லாகின் பதிவை மட்டும் பார்த்தால் அவள் 2.35 வரை உள்ளேயே இருக்கிறாள்.

பிறகு ஒரு பழைய டிக்கெட்டைப் பற்றிச் சொன்னான், வேலைக் கேள்விகளை எழுதிப் பதில் போட்டுக்கொள்ளும் பதிவு. ஜனவரி மாதத்தது. எனக்கு நினைவில்லை என்றேன்.

நிமிர்ந்தான். "சரி. நான் அதை அழிக்கல. அழிக்கவும் மாட்டேன். நானா போய் யார்கிட்டயும் காட்டவும் மாட்டேன்." போய்விட்டான்.

இன்று இரண்டு மணி நேரம் மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தேன். பதினோரு பேனா. எழுதுபவை நான்கு.

மார்ச் 1, சனி

துணி துவைத்தேன். தடித்த மொழிபெயர்ப்பு நாவலில் எழுபது பக்கம். அதில் ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொள்ள அறுநூறு பக்கம் எடுத்துக்கொள்கிறான். சோம்பேறி என்று ஓரத்தில் எழுதினேன்.

மார்ச் 2, ஞாயிறு

நினைவிருக்கிறது.

இந்த நோட்டுக்குப் பாஸ்வேர்டு கிடையாது. அலமாரியில் கம்பளிக்கு அடியில் இருக்கிறது. கோவை வெயிலில் கம்பளியை யாரும் எடுக்கமாட்டார்கள், நானும் சேர்த்து. இங்கேகூட முப்பது நாளாகப் பொய் எழுதியிருக்கிறேன் என்றால் என் ஈடுபாட்டை மெச்ச வேண்டும்.

ஜனவரி 27. அந்த டிக்கெட்டில் ரியாஸின் கேள்வி: "வெளியேறு என்றால் அந்த ஒரு செயலி மட்டும்தான் மூடும், மெயின் லாகின் மூடாது. 'பாதுகாப்பாக' என்று சொல்லலாமா? வரியை மாற்றணுமா?"

என் பதில்: "தெரியும். ஆனால் அதை விளக்கினால் வரி நீளமாகிவிடும். இது அழகாக இருக்கிறது. இப்படியே போகட்டும்." பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை.

அழகாக இருக்கிறது. இதைத் தட்டச்சு செய்தது நான். ஒரு சிரிப்புப் பொம்மையைத் தேர்ந்தெடுத்ததும் நான். வாயைத் திறந்து சிரிப்பது வேண்டாம், அடக்கமானது போதும் என்று யோசித்ததுகூட நினைவிருக்கிறது.

மார்ச் 3, திங்கள்

மருத்துவமனை எங்களிடம் எழுத்துபூர்வமான விளக்கம் கேட்டிருக்கிறது. பூபதி சார் என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"மங்கை, இத நீங்களே எழுதிருங்க. நம்ம ஆபீஸ்ல தமிழ் இங்கிலீஷ் ரெண்டும் நல்லா எழுதறது நீங்க ஒருத்தருதான். ஒரு பக்கம் போதும்ங்க. மெயின் லாகின் பதிவ வெச்சிருங்க. 'அமைப்பு வடிவமைத்தபடியே இயங்கியது'ன்னு முடிச்சிருங்க."

"சார், வார்டுப் பதிவேட்டுப் பதிவு?"

"அத அவங்க கேக்கலீங்களே."

அவர் கெட்டவர் இல்லை. என் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த வாரம் மூன்று முறை போன் செய்தவர். இன்னும் இரண்டு மருத்துவமனைகள் நம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன, இருபது பேர் இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். பிறகு மெதுவாக, "அது பொய் இல்லீங்களே மங்கை? வடிவமைச்சபடிதானே ஓடுச்சு?" என்றார்.

பொய் இல்லை. வடிவமைத்தது நான்.

மார்ச் 4, செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன். ஜனவரி சோதனைக்கு வந்தவர்களிடம் "ஏதாவது சந்தேகம்னா கூப்பிடுங்க" என்று எண் கொடுப்பது என் பழக்கம். யாரும் கூப்பிட்டதில்லை. அந்தத் தைரியத்தில்தான் கொடுப்பேன்.

"மேடம், ஜெபா பேசுதேன். அஞ்சாம் மாடி."

"சொல்லுங்க சிஸ்டர்."

"நான் அமுக்குனேன் மேடம். உங்க எழுத்து வந்துது. பாத்துட்டுதான் எந்திச்சேன். யாருமே நம்ப மாட்டேங்காங்க. சூப்பிரண்டெண்ட் மேடம் நல்லவங்கதான், 'பாஸ்வேர்ட குடுத்துட்டேன்னு எழுதிக் குடுத்துரு, வேல போகும், ஆனா அனுபவச் சான்றிதழ் வாங்கித் தாரேன், இல்லன்னா அதுவும் கெடையாது'ங்காங்க. அம்மையும் 'எழுதிக் குடுத்துட்டு ஊருக்கு வாட்டி'ங்கா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"குடுக்காதத குடுத்தேன்னு எப்படி மேடம் எழுத?"

நான் தொட்டுக்கொள்ள வைத்திருந்த ஊறுகாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா? சனவரியில நான் கேட்டேம்லா, 'இத அமுக்குனா எல்லாத்துல இருந்தும் வெளிய வந்துருவோமா'ன்னு. நீங்க ஆமான்னீங்க. நெனப்பிருக்கா?"

ஆமாம். கேட்டாள். அன்று நானும் அப்படித்தான் நம்பினேன். பத்து நாள் கழித்து ரியாஸ் எழுதினான். அதற்குப் பிறகு அவளைக் கூப்பிட்டு, "நான் சொன்னது தப்பு" என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

"பார்த்துச் சொல்றேன் சிஸ்டர்" என்றேன்.

"சரி மேடம். சாப்பிடுங்க." வைத்துவிட்டாள். என்னைச் சாப்பிடச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மார்ச் 5, புதன்

விளக்கக் கடிதம், ஒன்பது வரைவுகள்.

முதலாவது: யாரும் எதையும் செய்யவில்லை. எல்லாம் "நிகழ்ந்துள்ளது", "ஏற்பட்டுள்ளது". படித்தால் மழை பெய்ததுபோல இருக்கிறது.

நான்காவது: உவமைகளோடு. காவலாளியும் சீட்டும் வந்துவிட்டார்கள். காவலாளிக்கு மீசைகூட வைத்திருந்தேன்.

ஆறாவதில் மூன்று பக்கம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அதில் ஜெபக்கனியின் பெயர் ஒரே ஒரு இடத்தில் வருகிறது. என் பெயர் பதினேழு இடத்தில்.

ஒன்பதாவது, பூபதி சார் சொன்னது. அரைப் பக்கம். மிக நன்றாக இருக்கிறது. என் கையில் ஒரு இது இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

பத்தாவது. பத்தே வரி. 2.05க்கு அவர் வெளியேறு பொத்தானை அழுத்தினார், பதிவு இணைக்கப்பட்டுள்ளது. அந்தப் பொத்தான் முழுவதுமாக வெளியேற்றாது. ஆனால் பாதுகாப்பாக வெளியேறிவிட்டதாகத் திரை சொல்கிறது. அடுத்தவர் அவர் பெயரிலேயே உள்ளே நுழைய முடியும். யார் பெயரில் இருக்கிறோம் என்று திரையில் தெரியாது.

பூபதி சாரிடம் நீட்டினேன். இரண்டு முறை படித்தார். "இத அனுப்ப முடியாதுங்க மங்கை" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அரைப் பக்கத்தை எடுத்து அவரே கையெழுத்துப் போட்டார். "நாளைக்கு விசாரணைக்கு நீங்களும் வாங்க. ஏதாச்சும் கேட்டா நான் பாத்துக்கறேன்."

பத்து வரியை மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் தப்பான காஸ்கெட். இரண்டும் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்கப்படாமல் என்னிடம் இருப்பவை.

மார்ச் 7, வெள்ளி

எழுதிவிடுகிறேன், பிறகு அழகுபடுத்தத் தோன்றும்.

நான்காம் மாடிக் கூட்ட அறை. செவிலியர் கண்காணிப்பாளர் சரோஜினி மேடம், நிர்வாக அதிகாரி, பூபதி சார், நான். ஒரு ஓரத்தில் ஜெபக்கனி, சீருடையில், கை இரண்டும் மடியில். சாட்சியாக வளர்மதி சிஸ்டர்.

நிர்வாக அதிகாரி எங்கள் அரைப் பக்கத்தை வாசித்தார். "அமைப்பு வடிவமைத்தபடியே இயங்கியது." ஜெபக்கனி என்னைப் பார்த்தாள். மூன்று விநாடி இருக்கும். தடையின்றி.

"சிஸ்டர், சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?"

"நான் அமுக்குனேன் சார். வேற என்ன சொல்ல?"

நான் எழுந்தேன். பேச எழவில்லை, பேச்சு வராது என்று எனக்குத் தெரியும். சுவரோரம் இருந்த கம்ப்யூட்டரைத் திருப்பி, சரோஜினி மேடத்தின் முன்னால் வைத்தேன்.

"மேடம், நீங்க உங்க லாகின்ல ஒருதடவை உள்ளே போய் வெளியே வர முடியுமா?"

"எதுக்கும்மா?" என்றபடி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். வெளியேறினார். பச்சை டிக்.

"என்ன எழுதியிருக்கு மேடம்?"

"நீங்கள் பாதுகாப்பாக வெளியேறிவிட்டீர்கள்." பள்ளிக்கூடப் பிள்ளைபோலச் சத்தமாகப் படித்தார்.

நான் கை நீட்டி விடுப்புப் பக்கத்தைத் தட்டினேன். திறந்துகொண்டது. ஏப்ரலில் அவர் கேட்டிருந்த நான்கு நாள் விடுப்பு, காரணம்: மகள் வளைகாப்பு. எல்லோரும் படித்தோம்.

சரோஜினி மேடம் திரையைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"அப்ப நான் தினமும் தொறந்து போட்டுட்டா வீட்டுக்குப் போறேன்?" என்றார்.

"நானும்தான் மேடம்" என்று ஓரத்திலிருந்து ஒரு குரல். வளர்மதி சிஸ்டர். முகம் வெளுத்திருந்தது. "மேடம், அன்னிக்கு ரெண்டு இருவதுக்கு நான் ஒரு ஊசி பதிஞ்சேனுங்க. பதினஞ்சாம் பெட்டுக்குப் போட்டேன். பதினஞ்சுலதான் டிக் பண்ணுனேன்னு இத்தன நாளா நெனச்சுட்டு இருக்கறேன். என்ற பேர்லதான் இருக்குதுன்னு… பாஸ்வேர்டு அடிச்சேனான்னுகூட நாவகம் இல்லீங்க. தொட்டேன், தொறந்துச்சு." பேச்சு உடைந்தது. "சாமி, அது பதினாலாயிருக்குமுங்களா? ஜெபா, நாந்தான் போல இருக்குது."

ஜெபக்கனி அவர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அழாதீங்க சிஸ்டர். தொட்டா தொறந்தா யாருக்குத் தெரியும்?"

பூபதி சார் தொண்டையைச் செருமினார். "நிரல் எழுதறப்ப ஒரு சின்ன விடுபாடுங்க மேடம். உடனே சரி பண்ணிர்றோம்."

நிரல் எழுதியவன் ரியாஸ். ரியாஸ் அந்த அறையில் இல்லை.

சரோஜினி மேடம் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "இந்த வரி யாரும்மா எழுதினது?"

"நான்தான்."

"இது இப்படி இல்லன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

ஒன்பது வரைவுகளும் வரிசையாகத் தொண்டைக்கு வந்தன. மழை பெய்த வரைவு முதலில்.

"தெரியும்."

என் வாழ்க்கையில் எழுதியதிலும் சொன்னதிலும் மிகச் சிறியது. ஒரே சொல். திருத்த எதுவும் இல்லை. கைப்பையிலிருந்து பத்து வரித் தாளை எடுத்துக் கொடுத்தேன். கூடவே காஸ்கெட்டும் வெளியே வந்து மேசையில் உருண்டு, நிர்வாக அதிகாரியின் முன்னால் சுழன்று படுத்தது. அவர் அதையும் ஓர் ஆவணம்போல எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

என்னால் ஒரு காட்சியைக்கூடக் கண்ணியமாக முடிக்க முடியாது.

மார்ச் 10, திங்கள்

ஜெபக்கனிக்குக் கொடுத்த விசாரணை மெமோ திரும்பப் பெறப்பட்டது. வளர்மதி சிஸ்டருக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும். பதினான்காம் படுக்கைப் பெரியவர் சனிக்கிழமை வீட்டுக்குப் போய்விட்டார்.

எனக்கும் எச்சரிக்கைக் கடிதம். இந்தத் திரைகளைத் திருத்திக் கொடுத்துவிட்டு, அடுத்து ஒரு கல்யாண மண்டபத்தின் வாகன நிறுத்தச் செயலிக்குப் போக வேண்டும். அப்பாவிடம் சொன்னால் மகிழ்வார், கடைசியில் கல்யாணத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன்.

பூபதி சார் என்னிடம் பேசவில்லை. சாயங்காலம் போகும்போது மட்டும், "அம்மா எப்படியிருக்காங்க?" என்றார். நன்றாக இருக்கிறார்கள் என்றேன்.

ரியாஸ் என் மேசையில் தேநீர் வைத்துவிட்டுப் போனான். அவனைப் பொறுத்தவரை அது ஒரு நீண்ட உரை.

மார்ச் 13, வியாழன்

புதிய வெளியேறும் திரை. பதினோரு திருத்தங்களுக்குப் பிறகு:

"வார்டுப் பதிவேட்டிலிருந்து மட்டும் வெளியேறியிருக்கிறீர்கள். மற்ற நான்கும் இன்னும் உங்கள் பெயரில் திறந்திருக்கின்றன. இப்போது எழுந்து போனால், அடுத்து வருகிறவர் செய்வதெல்லாம் உங்கள் பெயரில் பதியும். எல்லாவற்றையும் மூட, கீழே உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள்."

நீளம். அழகில்லை. "பதியும்" இடிக்கிறது. ஆனால் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்தப் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பலாம் என்று ஒரு கணம் நினைத்தேன்.

சாம்பல் வட்டத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் பெயர், முழுதாக, தேவைப்பட்டால் இரண்டு வரியில். என் பெயரைப் போட்டுப் பார்த்தேன். திரையில் கால்வாசியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 17, திங்கள்

காலையில் சரியான காஸ்கெட். ஐந்து லிட்டர். குக்கர் மூன்று விசில் கொடுத்தது. நான் இரண்டுக்கே நிறுத்தியிருக்க வேண்டும், பருப்பு குழைந்துவிட்டது.

மதியம் போன்.

"அக்கா, ஜெபா. சனிக்கெழம ஆர்டர் கையில குடுத்துட்டாங்க. பெர்மனென்ட்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். எதற்கு என்று தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தார்கள். உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு உங்க மேல ரொம்பக் கோவம் வந்துட்டுக்கா, மொதல்ல அந்த அரைப் பக்கத்த வாசிக்கும்போ. இப்பவும் கொஞ்சம் இருக்கு."

"இருக்கட்டும்."

"இருக்கும்." சிரித்தாள். "புதுத் திரையும் வந்துட்டு."

"எப்படி இருக்கு? அந்த வரி புரியுதா? ரொம்ப நீளமோ?"

"எந்த வரி?"

"சிவப்புப் பட்டனுக்கு மேல, நாலு வரி…"

"ஓ, அதா! அத யாருக்கா படிக்கா? செவப்ப அமுக்குதோம். மேல நம்ம பேரு அழிஞ்சிட்டான்னு பாக்குதோம். போயிருதோம்."

"ஒருத்தரும் படிக்கலையா?"

"வளர்மதி சிஸ்டர்கிட்ட கேட்டுப் பாக்கட்டா?"

"வேண்டாம்."

பதினோரு திருத்தம். வாழ்நாளில் முதன்முதலாக முழு உண்மை. அறுநூறு பேரும் அதில் ஒரு சொல்லையும் படிக்காமல், பாதுகாப்பாக வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள்.